அத்தியாயம் 6: மேஸ்திரி இடுப்பில் இருந்த சாவி

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், நூத்தியிருபது பேர் வேலை பார்க்கிற எடத்துக்கு எச்.ஆர். எதுக்குங்க? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் கன்சல்டன்ட் பார்த்துக்கறார். சம்பளத்தை அக்கவுண்ட்ஸ்ல போட்டுடறாங்க. அவருக்குன்னு ஒரு ரூமும் சேரும் போட்டு, என்னத்தைச் செய்யச் சொல்றது?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் நான் திருப்பிக் கேட்டேன். ஆள் எடுப்பது யார்?

"லைன் சூப்பர்வைசர்தானுங்க. அவரே ஊர்ப்பக்கமிருந்து கூட்டிட்டு வந்துருவார்."

லீவு கொடுப்பது?

"அவர்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. யாருக்கு என்று முடிவு செய்வது?

"எந்த டெய்லர் வேணும்னு அவருக்குத்தானுங்களே தெரியும்."

ஆளை நிறுத்துவது?

"அவர் சொன்னா நான் சரிம்பேன்."

அந்த சூப்பர்வைசர் மேலேயே ஒருவருக்குக் குறை என்றால்?

"நேரா எங்கிட்ட வரலாமுங்களே. ஆபீஸ் கதவு எப்பவும் தொறந்துதான் கெடக்குது."

கடைசியாக அப்படி வந்தது யார், எப்போது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "டீ சொல்லட்டுங்களா?" என்றார். இந்த அத்தியாயம் அந்த டீக்கு நான் கொடுக்கும் விலை.

பழைய கதை ஒன்று

அவர் சொன்ன சூப்பர்வைசரை நூறு ஆண்டு பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அவருக்கு மேஸ்திரி என்று பெயர். பம்பாயில் ஜாபர், வங்காளத்தில் சர்தார். அந்தக் காலத்துப் பஞ்சாலையில் வேலை வேண்டுமென்றால் ஆலை ஆபீசுக்குப் போய்ப் பயனில்லை, மேஸ்திரியைத்தான் பார்க்க வேண்டும். ஆள் சேர்ப்பதும் வேலை வாங்குவதும் நீக்குவதும் அவர்தான். வேலை கிடைத்தவர் மாமூல் கொடுக்க வேண்டும். கிடைத்த வேலை நிலைக்கவும் கொடுக்க வேண்டும். ஆலையின் சாவி துரையின் மேஜையில் இருந்திருக்கலாம். ஆட்களின் பிழைப்புக்கான சாவி மேஸ்திரியின் இடுப்பில் இருந்தது.

1918-இல் சென்னை பெரம்பூரில் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டங்களைப் போய்ச் சொன்னது ஆலை நிர்வாகத்திடம் அல்ல, செல்வபதி செட்டியாரின் கடையில். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, சோற்றை வாயில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் விஷயத்தை பி. பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. சங்கம் உருவானது நல்லதற்கே. ஆனால் நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஆலைக்குள் சொல்ல ஆளிருந்திருந்தால், சோற்று நேரப் பேச்சு கடைத்தெருவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

விட்லி தலைமையில் 1929-இல் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-இல் அறிக்கை கொடுத்தது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து வாங்கி, அதற்கென்றே லேபர் ஆபீசர் என்று ஒருவரை வையுங்கள் என்றது. இன்றைய எச்.ஆர். மேனேஜருக்கு இந்த மண்ணில் கொள்ளுத்தாத்தா அவர்தான். மனிதவளப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆலை ஒன்றில் கதையை ஆரம்பிக்கும். நமக்கு மேஸ்திரியில் ஆரம்பிப்பதுதான் தோதாக இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய 29 சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. புதிய தொகுப்பில் வெல்ஃபேர் ஆபீசருக்கான அந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. கதவுப் பலகையில் லேபர் ஆபீசர், வெல்ஃபேர் ஆபீசர், பர்சனல் மேனேஜர், எச்.ஆர். என்று எழுத்து மாறிக்கொண்டே வந்தது. உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியது மாறவில்லை: வேலை, லீவு, கூலி, நீக்கம் ஆகிய நான்கையும் ஒரு தனிமனிதனின் கைப்பிடியிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கும்படி வைப்பது. மேஸ்திரி இன்றும் எங்கும் போய்விடவில்லை. சில இடங்களில் அவருக்கு லேபர் கான்ட்ராக்டர் என்று பெயர். உங்கள் இடத்தில் அவர் யார் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சட்டம் 250 என்று சொல்கிறதே, 120 பேருக்கு எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தின் எண் கடைசி எல்லை, அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. என் கணக்கு வேறு: முதலாளிக்கு எல்லோருடைய பெயரும் தெரியாமல் போகிற அன்றைக்கு இந்த ஆள் தேவை. சிலருக்கு அது அறுபதில் வரும், சிலருக்கு நூறில். எண்பது பேர் பெயரையும் அவர்கள் பிள்ளைகள் படிக்கும் வகுப்பையும் சொல்லக்கூடிய ஒரு அம்மாவைச் சிவகாசிப் பக்கம் பார்த்திருக்கிறேன். அவருக்கு எச்.ஆர். வேண்டாம், அவரேதான் எச்.ஆர்.

சேரும் நாள்

நான் ஒரு நூற்பாலையில் பர்சனல் ஆபீசராகச் சேர்ந்த முதல் ஆண்டு. புதன்கிழமை வேலைக்கு வந்த பையன், வெள்ளிக்கிழமை கார்டிங் மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டான். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. 'ஒரு வாரம் நிலைக்கட்டும், அப்புறம் எழுதிக்கலாம்' என்பது அங்கே வழக்கம். நிலைக்காமல் ஓடிப்போகிறவர்களுக்கு எதற்குக் காகிதம் என்று நானும் நினைத்திருந்தேன். அவனுடைய அப்பா வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி: "எம்பையன் இந்த மில்லுலதான் வேலை பார்த்தான்னு எழுத்துல எங்கயாச்சும் இருக்குங்களா?"

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் ஏற்படும் காயத்துக்கு அது கிடையாது. முதல் நாள் முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும், வேலைக்கு வர முடியாத காலத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். உடல் உறுப்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டால் மாதாமாதம் ஒரு தொகை வரும். இதெல்லாம் பதிவு இருந்தால். ஆகவே எச்.ஆர். வந்ததும் வைக்க வேண்டிய முதல் விதி: ஈ.எஸ்.ஐ. எண் கைக்கு வராமல் யாரும் மெஷின் பக்கம் போகக் கூடாது. அவசர ஷிப்மென்ட் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கத்துவார். கத்தட்டும்.

பணி நியமனக் கடிதம் எல்லோருக்கும் உண்டு, ஹெல்பருக்கும் உண்டு. இப்போது சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதைத் தமிழில் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு அவர் படிக்கிற மொழியில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். பத்து நிமிட வேலை.

பெயர் விவகாரம் ஒன்று இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் பி.எஃப். கணினிக்குப் புரியாது. ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கியில் முன்னால், பள்ளிச் சான்றிதழில் தமிழ் எழுத்து என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பிறந்த தேதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சேரும் அன்று யாரும் கவனிக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அந்த அம்மா உங்கள் கம்பெனி வாசலுக்கும் பி.எஃப். ஆபீசுக்கும் நடையாய் நடப்பார். வேலைக்குச் சேரும் காலையில் ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்ப்பது எச்.ஆர். வேலையில் மிகச் சின்னது. எச்.ஆர். பெயரை ஊர் நினைவில் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

சம்பளச் சீட்டு

ஆள் எடுக்கும்போது 14,000 ரூபாய் என்று சொல்லியிருப்பீர்கள். முழுத் தொகையும் பி.எஃப். கணக்கில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 12 சதவீதம் பிடித்தம் 1,680. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105 ரூபாய். கையில் போவது 12,215. முதல் மாதச் சம்பள நாளில் அந்தப் பெண் செல்போனைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மெஷினில் சொல்வார்: "ரெண்டாயிரம் புடிச்சிட்டாங்க." அன்று மாலைக்குள் அது லைன் முழுக்கப் பரவியிருக்கும்.

முதலாளிக்கு இதில் மனக்குறை உண்டு. தன் பங்காக பி.எஃப்.-க்கு 1,680, ஈ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம் என்று 455 கட்டுகிறார். நிர்வாகக் கட்டணம் முதலிய சில்லறைகள் தனி. ஆக 14,000 சம்பளத்துக்கு அவர் கையிலிருந்து போவது 16,135-க்கு மேல். "இவ்வளவு கட்டியும் நான் திருடனா?" என்பார். திருடனில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். சேரும் நாளிலேயே ஒரு காகிதத்தில் 14,000 எழுதி, அதிலிருந்து இரண்டு அம்புக்குறி போட்டு, பிடித்தம் எங்கே போகிறது, எப்போது திரும்ப வரும் என்று காட்ட வேண்டும். கன்சல்டன்ட் இதைச் செய்ய மாட்டார். அவர் கணினிக்குத்தான் கணக்குக் காட்டுகிறார், மனிதருக்கு அல்ல. பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதையும், கட்டினோமா என்பதை அவரவர் போனிலேயே பார்க்கலாம் என்பதையும் ஆட்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். பிறகு கட்டாமல் இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி அலவன்ஸ்களை ஊதி வைக்கும் பழைய வித்தை இனி அவ்வளவாக எடுபடாது. மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டினால், மிகும் தொகையும் கூலியாகவே கணக்கிடப்படும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு.

ஆள் ஏன் போகிறார்?

போகிறவரிடம் காரணம் கேட்டால் "வீட்ல சொல்லிட்டாங்க" என்பார். "வேற எடத்துல ரெண்டு ரூபா கூட" என்பார். இரண்டும் பாதி உண்மை. போவதற்கு முன் நிற்கும் மூன்று வாரத்தில்தான் முழு உண்மை இருக்கிறது. அந்த வாரங்களில் அவர் லைனில் பேசுவதை நிறுத்தியிருப்பார், லீவு நாட்கள் கூடியிருக்கும், டீ குடிக்கும் கூட்டம் மாறியிருக்கும். வருகைப் பதிவேட்டைச் சம்பளக் கணக்குக்கு மட்டும் பார்ப்பவர் குமாஸ்தா. யாருடைய வரிசையில் ஓட்டை விழுகிறது என்று பார்ப்பவர் எச்.ஆர்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போகும் நேரமும் அது. திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று முதலாளிகளுக்கே தெரியவில்லை. அரசும் காவல்துறையும் மறுப்பு வெளியிட்டன; பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் ஹிந்தியும் ஒடியாவும் பேசக்கூடிய ஒருவரைத் தங்குமிடத்துக்கு அனுப்பி, ராத்திரி கூட உட்காரவைத்து, ஊரிலிருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் பேசச் சொன்ன கம்பெனிகள் இருந்தன. அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் சர்க்குலர் ஒட்டிய கம்பெனிகளும் இருந்தன. எந்தப் பக்கம் மெஷின்கள் ஓடின என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

போகிறவரின் கணக்கை இழுத்தடிக்காதீர்கள். நிறுத்தினாலும் தானே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம். இதில் சட்டத்தை விடப் பெரியது ஊர்ப்பேச்சு. 'அந்தக் கம்பெனியில கணக்கு முடிச்சு வாங்க மூணு மாசம் அலைஞ்சேன்' என்று ஒருவர் பஸ் ஸ்டாண்டில் சொன்னால், அந்த ஊரிலிருந்து அடுத்த ஆள் வராது.

புகார்ப் பெட்டி

கேட்டுக்குப் பக்கத்தில், செக்யூரிட்டி மேஜைக்கு மேலே, கேமராவுக்கு நேர்கீழே ஒரு புகார்ப் பெட்டி. சிவப்புப் பெயின்ட், பூட்டு, எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வருடத்தில் அதில் விழுந்தது இரண்டு பிஸ்கட் கவரும் ஒரு பஸ் டிக்கெட்டும். ஆய்வுக்கு வந்தவரிடம் "எங்க ஆளுங்களுக்குக் குறையே கிடையாதுங்க" என்று நிர்வாகம் பெருமையாகச் சொன்னது. அந்தப் பெட்டியைக் கழற்றிப் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில், கேமரா இல்லாத சுவரில் மாட்டச் சொன்னேன். முதல் வாரமே ஒன்பது சீட்டு. ஏழு சீட்டில் ஒரே விஷயம்: கழிப்பறை போய் வர நேரம் குறித்துக்கொண்டு ஒரு சூப்பர்வைசர் பேசும் பேச்சு. என்ன பேச்சு என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைமைக்கு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பல கம்பெனிகளில் குழு இருக்கிறது, பலகையில். வெளி உறுப்பினருக்குத் தான் உறுப்பினர் என்பதே தெரியாத இடத்தையும் பார்த்தேன். குழுவில் இருக்கும் பெண்களின் முகம் லைனில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலைவி ஆபீஸ் அறையிலேயே இருந்தால் எந்தப் பெண்ணும் படியேறி வர மாட்டார். தினம் ஒருமுறை அவர் லைன் வழியாக நடந்து போகட்டும், சும்மாவாவது.

இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர் குழுவும் வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். இதற்கு யாரைப் போடுவது என்பதில் முதலாளிகள் ஒரு தவறு செய்கிறார்கள்: தலையாட்டுகிறவர்களைப் போடுகிறார்கள். வாயாடியைப் போடுங்கள். அவர் குழுவுக்குள் கத்தினால் சுவருக்குள் அடங்கும்.

சோறும் படுக்கையும் எச்.ஆர். வேலையா என்று கேட்பவர்களுக்கு 2021 டிசம்பரை நினைவூட்டுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சக தொழிலாளர்களின் நிலை தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஐபோன் பூட்டும் ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. விடுதியை நடத்தியவர்கள் கான்ட்ராக்டர்கள்தான். ஆனால் உலகம் கேட்டது ஆலையின் பெயரைத்தான். உங்கள் எச்.ஆர். வாரம் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விடுதியில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடட்டும். ரசம் தண்ணீராக இருந்தால் மறுநாள் அவர் முகத்திலேயே தெரியும்.

"இன்னைக்கு வேண்டாங்க"

எச்.ஆர். மேனேஜர் தன் ஒரு வருடச் சம்பளத்தை ஐந்து நிமிடத்தில் சம்பாதித்துக் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ராத்திரி ஷிஃப்டில் ரவுண்டு வருகிறீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆபரேட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறார். கோபம் தலைக்கு ஏறுகிறது. "வெளிய போடா, நாளையிலிருந்து வராதே." செக்யூரிட்டி அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்கிறார். உங்களுக்கு அதோடு முடிந்தது. சட்டத்துக்கு அங்கேதான் ஆரம்பம். சில வருடம் கழித்துக் கோர்ட்டில் ஒரு வக்கீல் கேட்பார்: மெமோ எங்கே? விளக்கம் கேட்டீர்களா? விசாரணை நடத்தியது யார்? உங்கள் வக்கீல் உங்களைப் பார்ப்பார். நீங்கள் ஜன்னலைப் பார்ப்பீர்கள். தூங்கியவர் திரும்ப வேலைக்கு வருவார், இடைப்பட்ட காலத்துச் சம்பளத்தோடு வந்தாலும் ஆச்சரியமில்லை.

"இன்னைக்கு வேண்டாங்க. காலையில பார்த்துக்கலாம்" என்று அந்த ராத்திரியில் உங்கள் கையைப் பிடிக்கும் ஆள் வேண்டும். காலையில் அவர் செய்வது இது. பார்த்தவர்களிடம் அன்றே எழுதி வாங்குவார். என்ன குற்றம், எந்த மணி, எந்த மெஷின் என்று குறிப்பிட்டு மெமோ கொடுப்பார், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில். பதில் சொல்ல நாள் கொடுப்பார். பதில் திருப்தி தரவில்லையென்றால் உள்விசாரணை. விசாரிக்கிறவர் சம்பவத்தைப் பார்த்தவராகவோ புகார் கொடுத்தவராகவோ இருக்கக் கூடாது. சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க அந்தத் தொழிலாளிக்கு இடம் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இடைநீக்கம் என்றால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியம் போய்ச்சேர வேண்டும். நான் பார்த்தவரையில், இப்படி ஆரம்பித்த விவகாரங்களில் பெரும்பாலானவை விசாரணை வரை போனதே இல்லை. மெமோவுக்குப் பதிலாக அந்த ஆபரேட்டர் எழுதியிருப்பார்: மனைவிக்குப் பிரசவம், மூன்று நாளாகத் தூக்கமில்லை, லீவு கேட்டேன், சூப்பர்வைசர் இல்லையென்றார். மறுபடியும் அந்தச் சாவி.

தமிழ்நாட்டு ஆலை முதலாளிகள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு எண் 480. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி கொடுக்க வேண்டும் என்று 1981-இல் வந்த மாநிலச் சட்டம் சொல்கிறது; சில விதிவிலக்குகளும் உண்டு. 470-ஆவது நாளில் ஆளை நிறுத்தி, ஒரு மாதம் கழித்துப் புதிதாக எடுப்பது போல எடுக்கும் தந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நல்ல எச்.ஆர். அதற்கு உடன்பட மாட்டார். உடன்படுகிறவர் நாளை உங்களையும் அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்.

யாருடைய ஆள்?

சம்பளம் கொடுப்பது முதலாளி, நம்ப வேண்டியது தொழிலாளி. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் சூடு. 2009-இல் கோவையில் ஒரு வாகன உதிரிபாக ஆலையிலும், 2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசரில் கார் ஆலையிலும் நடந்த வன்முறையில் மனிதவளத் துறையின் மூத்த அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அந்த வழக்குகளின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஆனால் இரண்டு செய்திகளையும் படித்தபோது என் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நீக்க உத்தரவு, சம்பளப் பிடித்தம், இடமாற்றம் என்று கசப்பான காகிதம் எல்லாவற்றிலும் எங்கள் கையெழுத்து. போனஸ் அறிவிப்பும் தீபாவளி இனிப்பும் முதலாளி கையால். உங்கள் எச்.ஆர். மேனேஜருக்கு இந்த அநியாயத்தைச் செய்யாதீர்கள். கெட்ட சேதியை அவர் சொன்னால், நல்ல சேதியையும் அவரே சொல்லட்டும். பேச்சுவார்த்தைக்கு அனுப்பினால், எதுவரை ஒப்புக்கொள்ளலாம் என்ற அதிகாரத்தோடு அனுப்புங்கள். "கேட்டுச் சொல்றேன்" என்று மூன்று முறை சொன்னவரிடம் நான்காவது முறை யாரும் பேச மாட்டார்கள்.

அதனாலேயே அவர் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருக்கக் கூடாது. நேரே உங்களிடம் பேச வேண்டும். உங்கள் மைத்துனராகவும் இருக்கக் கூடாது. முதலாளியின் மைத்துனரிடம் சம்பளக் குறையைச் சொல்ல எந்த டெய்லரும் வர மாட்டார்.

ஆள் எங்கே கிடைப்பார்? எம்.பி.ஏ. நிறையக் கிடைக்கும். நான் முதலில் தேடுவது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) படித்தவர்களையும், தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் லேபர் மேனேஜ்மென்ட் படித்தவர்களையும். 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் படித்தவர்கள் ஒரு குடியிருப்புக்குள் நடந்து போய்ப் பேசிப் பழகியிருப்பார்கள். பட்டம் எதுவானாலும் ஒரு சோதனை வையுங்கள். நேர்காணலுக்கு வந்தவரைப் பதினொரு மணி டீ இடைவேளையில் லைனில் தனியாக விட்டுவிடுங்கள். அரை மணி கழித்துத் திரும்ப வந்ததும் எத்தனை பேர் பெயர் தெரிந்துகொண்டார் என்று கேளுங்கள். மெஷின் எண்ணிக்கையைச் சொல்கிறவரை ஸ்டோருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முழுச் சம்பளம் கட்டுப்படியாகாதென்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு யூனிட் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கு வாரத்தில் ஒன்றரை நாள். எந்த நாளில் எங்கே இருப்பார் என்பது ஆட்களுக்குத் தெரிந்தால் போதும்.

டீ வாங்கிக்கொடுத்தவர் கடைசியில் ஒரு பெண்ணைப் போட்டார், பெருந்துறைப் பக்கத்துக்காரர், எம்.எஸ்.டபிள்யூ. மூன்றாம் மாதம் எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம்.

"சார், சூப்பர்வைசர் வேலைய விட்டுப் போறேங்கிறாருங்க. லீவு நோட்டை அந்தப் பொண்ணு வாங்கி வெச்சுக்கிச்சாம். இனி எனக்கு இங்க என்ன மரியாதைங்கிறார். பதினாலு வருசமா இருக்கிற மனுசனுங்க."

அவரைப் போகவிட வேண்டாம் என்றேன். லைன் ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த வேலைக்குக் கூடுதலாக என்ன கொடுக்கலாம் என்று பாருங்கள், உற்பத்தி ஊக்கத்தொகையைக் கூட்டுங்கள், புது மெஷின் வாங்கும்போது அவரைக் கலந்து பேசுங்கள். யாருக்கு எந்த நாள் லீவு கொடுத்தால் லைன் தாங்கும் என்று அந்தப் பெண் அவரைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், அது முறை. நோட்டு மட்டும் திரும்பிப் போகக் கூடாது.

"அதையே எப்படிங்க அவர்கிட்டச் சொல்றது?"

"நீங்க சொல்லாதீங்க. அந்தப் பொண்ணையே சொல்லச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருங்க, அது போதும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "சரிங்க. நாளைக்குக் காலையில கூப்பிட்டு உக்கார வெக்கறேன்" என்றார்.